ஆர்க்கிட் பூவை நெருங்கிப் படமெடுப்பதும் பெயர் கண்டுபிடிப்பதும்: முழுமையான வழிகாட்டி

ஆர்க்கிட் பூவைக் கண்டதும் கேமரா நேராக அதன் முகத்துக்குத்தான் போகும். அழகு அங்கேதான் இருக்கிறது, தப்பில்லை. ஆனால் அந்த ஒரே படத்தைக் காட்டி "இது என்ன ஆர்க்கிட்?" என்று கேட்டுப் பாருங்கள். விஷயம் தெரிந்தவர்கள் பதில் சொல்வதற்கு முன், "பக்கவாட்டில் எடுத்தது இருக்கிறதா? இலையும் தண்டும் தெரிகிற மாதிரி ஏதாவது?" என்றுதான் கேட்பார்கள். உதடு எனப்படும் தனி உருவ இதழுக்குப் பின்னால் தேன்குழல் (வால் போன்ற குழாய்) நீள்கிறதா, பூங்கொத்து தண்டின் நுனியில் கிளம்புகிறதா அடியிலிருந்தா, பிறகு காயாக மாறும் சூற்பை எவ்வளவு நீளம் என்பது போன்ற, பெயரை முடிவு செய்யும் அடையாளங்கள் பலவும் முகப்படத்தில் விழவே விழாது.

ஆர்க்கிட் குடும்பத்தில் சுமார் 28,000 இனங்கள் இருக்கின்றன. நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைத்த தொகுதிகளான பேரினங்களே 700க்கு மேல். நிறத்தை வைத்து இந்தக் கூட்டத்தில் ஒன்றைத் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம். ஆகவே படமெடுப்பதையும் பெயர் கண்டுபிடிப்பதையும் இங்கே தனித்தனியாகப் பிரிக்கவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் எதைப் படமெடுக்க வேண்டும் என்பதும் தெரியும்.

படி 1: பூவின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

உருவத்தில் எவ்வளவு வேறுபட்டாலும் ஆர்க்கிட் பூக்களின் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். வெளி வட்டத்தில் மூன்று புல்லி இதழ்கள். மற்றப் பல செடிகளில் பச்சையாக மொட்டை மூடியிருக்கும் இந்தப் புல்லிகள், ஆர்க்கிட்டில் தாங்களும் நிறமேறி இதழ் போலவே நிற்கும். உள் வட்டத்தில் மூன்று அல்லி இதழ்கள். அவற்றில் இரண்டு ஒரே மாதிரி. மூன்றாவது மட்டும் அடியோடு வேறு உருவம். அதைத்தான் உதடு என்கிறோம். பூச்சி வந்து இறங்கும் மேடை அது. அதன் மேல் வரம்புகள், புடைப்புகள், மயிர்கள், பளபளப்பான திட்டுகள் என்று என்னென்னவோ இருக்கும். இனத்துக்கு இனம் மாறுவதில் முதலிடம் உதட்டுக்குத்தான்.

நடுவில் சின்னக் கட்டைவிரல் போல நீட்டிக்கொண்டிருப்பது தூண். மகரந்தத்தாளும் சூலகத்தண்டும் ஒன்றாக இணைந்து உருவானது. அதன் நுனியில் ஒரு குட்டித் தொப்பி. அதற்குள் மகரந்தம் தூளாக இல்லாமல் மெழுகு உருண்டைகளாகவோ மாவுக் கட்டிகளாகவோ திரண்டிருக்கும். அடிப்பக்கத்தில் பிசுபிசுப்பான ஒரு குழி, அதுதான் சூலகமுடி. சில பேரினங்களில் தூணின் அடி முன்னோக்கி நீண்டு ஒரு பாதம் போல இருக்கும். இந்தப் பாதம் உண்டா இல்லையா என்பது அடையாளம் காண்பதில் பெரிய திருப்பம். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மட்டுமே அது தெளிவாகத் தெரியும்.

பூவுக்குப் பின்னால் காம்பு என்று நினைத்துக்கொண்டிருப்பதில் ஒரு பகுதி காம்பே இல்லை, சூற்பை. பூ வாடிய பிறகு காயாகப் பருப்பது அதுதான். அதை உற்றுப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு திருகல் இருக்கும். மொட்டாக இருக்கும்போது உதடு மேல்பக்கம் இருக்கிறது. விரியும் நேரத்தில் பூ 180 பாகை திரும்பி உதட்டைக் கீழே கொண்டுவருகிறது. எல்லா ஆர்க்கிட்டும் இப்படித் திரும்புவதில்லை. சடிரியம் பேரினத்தில் உதடு மேலேயே நின்று முக்காடு போலக் கவிந்திருக்கும், அதிலிருந்து இரண்டு தேன்குழல்கள் பின்னால் தொங்கும். இதனால்தான் எடிட் செய்யும்போது படத்தைத் தலைகீழாகத் திருப்பக் கூடாது என்கிறார்கள். "உதடு கீழே இருந்தால்தான் ஆர்க்கிட் மாதிரி இருக்கிறது" என்று யாரோ திருப்பி வைத்த படத்தால் ஒரு முக்கியமான அடையாளம் காணாமல் போகிறது.

செருப்பு ஆர்க்கிட்டுகள் தனி வகை. பாஃபியோபெடிலம், சைப்ரிபீடியம் போன்றவற்றில் உதடு பை போலக் குழிந்திருக்கும். பக்கவாட்டுப் புல்லிகள் இரண்டும் ஒட்டி ஒன்றாகி உதட்டுக்குப் பின்னால் மறைந்து நிற்கும். மற்ற ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு வளமான மகரந்தப்பை ஒன்றுதான், இவற்றுக்கு இரண்டு. நடுவில் கேடயம் போல ஒரு தகடு இருக்கும். பாஃபியோபெடிலத்தில் அந்தத் தகட்டின் வடிவமே இனத்துக்கு இனம் வேறுபடுவதால், அதற்கென்று ஒரு படம் தனியாக எடுத்தே ஆக வேண்டும்.

படி 2: கருவியைத் தேர்ந்தெடுங்கள், உருப்பெருக்கத்தைக் கணக்கிடுங்கள்

விலை உயர்ந்த லென்ஸ் இருந்தால்தான் முடியும் என்றில்லை. எந்தப் பூவுக்கு எவ்வளவு உருப்பெருக்கம் வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

1:1 என்றால் பூவின் அளவும் சென்சாரில் விழும் பிம்பத்தின் அளவும் சமம். முழுச் சட்டக சென்சார் 36 × 24 மி.மீ.; ஆக 1:1இல் உங்கள் படத்துக்குள் அடங்குவது 36 மி.மீ. அகலம்தான். ஃபலெனோப்சிஸ், சிம்பிடியம் போன்ற பெரிய பூக்களுக்கு 1:3 கூடப் போதும். உதட்டுக்கும் தூணுக்கும் மட்டும் 1:1 வரை போகலாம்.

சிக்கல் ஓபெரோனியா மாதிரி பேரினங்களில் வருகிறது. எலிவால் போல நீண்ட கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள், ஒவ்வொன்றும் ஓரிரு மி.மீ. 24 மெகாபிக்சல் முழுச் சட்டகக் கேமராவில் 1:1இல் எடுத்தால் 2 மி.மீ. பூவுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 330 பிக்சல். உதட்டின் ஓரம் பல் பல்லாக இருக்கிறதா, எத்தனை மடல் என்பதெல்லாம் அதில் மசங்கிப்போகும். அங்கே 3:1, 4:1 உருப்பெருக்கம் வேண்டும். அல்லது நுண்ணோக்கியின் கண்வில்லையில் ஃபோனை வைத்து எடுக்கலாம்.

90 முதல் 105 மி.மீ. வரையிலான மேக்ரோ லென்ஸ் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. 50 மி.மீ. மேக்ரோவும் 1:1 தரும், ஆனால் பூவுக்கு மிக நெருக்கத்தில் போக வேண்டியிருக்கும். லென்ஸின் நிழல் விழும், பூங்கொத்து இடிபடும். மேக்ரோ லென்ஸ் இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்குங்கள். கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையில் மாட்டுவது அது. அதில் கண்ணாடியே கிடையாது, வெறும் குழாய். கணக்கும் சுலபம்: குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் அது கூட்டித் தரும் உருப்பெருக்கம் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. குழாய் போட்டால் 1:2.

ஃபோன்? தாராளமாக எடுக்கலாம், ஒன்றை மட்டும் கவனியுங்கள். மேக்ரோ முறைக்குப் போனதும் பல ஃபோன்கள் அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிடும். பூவுக்கு இரண்டு மூன்று செ.மீ. பக்கத்தில் போனால்தான் ஃபோகஸ் ஆகும். அப்போது முன்னால் இருக்கும் உதடு பெருத்தும் பின்னால் இருக்கும் இதழ்கள் சிறுத்தும் பதிவாகும். பார்க்கச் சுவையாக இருக்கும், ஆனால் "அல்லி இதழைவிடப் புல்லி நீளம்" என்கிற மாதிரி அடையாளங்களை அந்தப் படத்தை வைத்துச் சரிபார்க்க முடியாது. 2 மடங்கு, 3 மடங்கு லென்ஸுக்கு மாறி, கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று எடுங்கள். தேவைப்பட்டால் அதன் மேல் ஒரு கிளிப் லென்ஸ் மாட்டிக்கொள்ளுங்கள்.

இவை போக, பையில் சின்ன அளவுகோல், சாம்பல் நிற அட்டை, கறுப்புத் துணி ஒரு துண்டு, புல்லை ஒதுக்கிப் பிடிக்க இரண்டு துணிக் கிளிப்புகள், ஒளியை மென்மையாக்க ஒரு வெள்ளைத் தாள்.

படி 3: செடியை நெருங்குவதற்கு முன்

கால் வைப்பதற்கு முன் தரையைப் பாருங்கள். பூத்த செடி ஒன்று கண்ணில் பட்டால் பூக்காத செடிகள் சுற்றிலும் இருக்க வாய்ப்புண்டு, ஒற்றை இலையாக, புல்லோடு புல்லாக. ஆர்க்கிட் விதை தூசி அளவு. தனக்கென்று சேமித்த உணவு அதில் கிடையாது. மண்ணிலோ மரப்பட்டையிலோ இருக்கும் பூஞ்சை துணை நின்றால்தான் முளைக்கும். அந்த இடத்தை மிதித்துக் கெட்டிப்படுத்தினால் நாசமாவது நீங்கள் பார்க்கும் செடி மட்டுமில்லை.

மறைக்கிற புல்லைப் பிடுங்க வேண்டாம், கிளிப்பால் ஒதுக்கிக்கொண்டு பிறகு விட்டுவிடுங்கள். வெயிலிலிருந்தும் மேய்கிற விலங்குகளிடமிருந்தும் செடியைக் காப்பது அந்தப் புல்தான். மரத்தில் தொற்றியிருப்பதைக் கிளையோடு வளைத்து இழுக்கக் கூடாது. வேர் பட்டையை விட்டுப் பெயர்ந்தால் மறுபடி பிடிப்பது கஷ்டம். காட்டுப் பூவைப் பறித்து வைத்துப் படமெடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

படி 4: தூரத்திலிருந்து தொடங்கி உள்ளே போங்கள்

நேராகப் பூவுக்குள் நுழைந்துவிட்டால் செடியை எடுக்க மறந்துபோகும். அதனால் வெளியிலிருந்து ஆரம்பிப்பது நல்லது.

முதலில் இடம். செடி மண்ணில் நிற்கிறதா, பாறையில் ஒட்டியிருக்கிறதா, மரத்திலா? மரமென்றால் பட்டை, இலை தெரிகிற மாதிரி ஒரு படம். அடுத்து முழுச் செடி. இங்கே தேட வேண்டியது வளர்ச்சி முறை. வாண்டா, ஃபலெனோப்சிஸ் போன்றவை ஒரே தண்டின் நுனியில் மேலே மேலே வளர்பவை. இலைகள் இரு பக்கமும் அடுக்காக இருக்கும். டென்ட்ரோபியம், சீலோஜைன், சிம்பிடியம் போன்றவை பக்கவாட்டில் புதுப்புதுத் தண்டுகள் விட்டு நகர்பவை. பலவற்றில் தண்டு பருத்துப் பொய்க்குமிழாக இருக்கும். அந்தக் குமிழில் எத்தனை கணு, எத்தனை இலை என்று எண்ணும் அளவுக்கு ஒரு படம் எடுங்கள்.

அப்புறம் இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், நுனி. வாண்டா உறவுக்காரர்களில் பலவற்றுக்கு இலை நுனி கடித்து எடுத்தது போல ஏற்றத்தாழ்வாக இருக்கும். சின்ன விஷயம், ஆனால் அடையாள நூல்கள் இதைக் கட்டாயம் கேட்கும்.

பூங்கொத்து எங்கிருந்து புறப்படுகிறது என்பதற்குத் தனிப்படம் ஒன்று கட்டாயம். ஆரம்பக்காரர்கள் தவறாமல் விட்டுவிடுவது இதைத்தான். குமிழின் அடியிலிருந்தா, உச்சியிலிருந்தா, இலைக்கக்கத்திலிருந்தா, தண்டின் கணுவிலிருந்தா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பாதிப் பேரினங்கள் கழிந்துவிடும்.

இனி பூ. நேர் முகம், சரியான பக்கவாட்டு, பின்பக்கம், முடிந்தால் மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று. ஒரே பூவையே எல்லாக் கோணத்திலும் எடுங்கள். ஒன்றின் முகமும் இன்னொன்றின் பக்கமுமாக எடுத்தால் அளவுகள் பொருந்தாது. பூவுக்கு அடியில் இருக்கும் பூவடிச் செதிலும் பக்கவாட்டுப் படத்தில் வரட்டும். அது சூற்பையைவிட நீளமா குட்டையா என்பது மண்ணில் வளரும் பல ஆர்க்கிட்டுகளைப் பிரிக்க உதவும்.

கடைசியாக ஒரு பூவுக்குப் பக்கத்தில் அளவுகோலைப் பிடித்து ஒரு படம். பூ இருக்கும் அதே தளத்தில் அளவுகோலும் இருக்க வேண்டும், முன்னால் தள்ளிப் பிடித்தால் அளவு பொய் சொல்லும். காய் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஃபோகஸ்

நெருங்கிப் போகப் போகக் கூர்மையாகத் தெரியும் பகுதி மெலிந்துகொண்டே வரும். முழுச் சட்டகக் கேமராவில் 1:1இல் அபெர்ச்சரை (லென்ஸின் துளையை) எஃப் 8 வைத்தால் கூர்மையின் ஆழம் ஏறக்குறைய 1 மி.மீ. தூணின் தொப்பியில் ஃபோகஸ் வைத்தால் உதடு மங்கும், உதட்டில் வைத்தால் தொப்பி மங்கும். எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்; எஃப் 22, எஃப் 32 என்று மூடிக்கொண்டே போனால் தீருமா என்றால், தீராது. 1:1இல் நீங்கள் வைக்கும் எஃப் 16, செயலில் எஃப் 32 ஆகிவிடுகிறது. அந்த அளவுக்குச் சிறுத்த துளையில் ஒளி சிதறிப் படம் முழுவதுமே மென்மையாகிவிடும். எஃப் 8 முதல் எஃப் 11 வரை வைத்துக்கொள்வது நல்ல சமரசம்.

ஒரே படத்தில் முடிக்க வேண்டுமென்றால் கோணத்தை மாற்றுங்கள். எந்தத் தளம் கூர்மையாக வேண்டுமோ அதற்குச் சென்சார் இணையாக இருக்கட்டும். பக்கவாட்டுப் படத்தில் தேன்குழல், சூற்பை, தூண் மூன்றும் ஏறக்குறைய ஒரே தளத்தில் இருப்பதால், கேமராவைச் சரியாக நேர் நிறுத்தினாலே மூன்றும் கூர்மையாக விழும். இரண்டு பாகை சாய்ந்தாலும் குழலின் நுனி மங்கிப்போகும்.

இன்னொரு வழி, ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது. ஹெலிகான் ஃபோகஸ், செரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருள்கள் இதற்கென்றே இருக்கின்றன. சில கேமராக்களே அடுத்தடுத்து எடுத்துத் தரும். 1:1, எஃப் 8 என்றால் ஒவ்வொரு நகர்வும் 0.6 மி.மீ. இருக்கட்டும், படங்களுக்கு இடையே கொஞ்சம் மேல்படிய வேண்டும் அல்லவா? இரண்டு செ.மீ. ஆழமுள்ள பூவுக்கு முப்பதுக்கு மேல் படங்கள் வரும். உதட்டில் முன்னும் பின்னுமாக மயிர்கள் குறுக்கிடும் இடங்களில் மென்பொருள் குழம்பிப் பொய்யான ஓரங்களை உருவாக்கும். எனவே சேர்த்த படத்தோடு மூலப் படங்களில் இரண்டு மூன்றையும் வைத்திருங்கள்.

காற்று இருந்தால் இதெல்லாம் கதைக்குதவாது. நீண்ட காம்பில் ஆடும் பூ, கண்ணுக்கு நிற்கிற மாதிரி இருக்கும்போதும் 1:1இல் நிற்காது. விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். ஒரு குச்சியைத் தரையில் ஊன்றிக் காம்பை அதில் மெதுவாகச் சாய்த்து வைப்பதும் உதவும். ட்ரைபாடில் இருந்தால் இரண்டு வினாடி டைமர் போடுங்கள். கையில் பிடித்து எடுத்தால் ஃபிளாஷ் இல்லாமல் சமாளிப்பது சிரமம்.

படி 6: ஒளியும் நிறமும்

மென்மையான ஒளி நிறத்துக்கு நல்லது. மேகமூட்டமான நாள், அல்லது ஃபிளாஷுக்கு முன்னால் அகலமான வெள்ளைத் தாள். மேக்ரோவில் பொருள் சின்னது என்பதால் ஒரு கையளவுத் தாளே பெரிய ஒளிமூலமாக வேலை செய்யும். எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோகிறீர்களோ அவ்வளவு மென்மை.

ஆனால் அடையாளத்துக்கு மென்மையான ஒளி மட்டும் போதாது. சீலோஜைன் பூவின் உதட்டில் நீளவாக்கில் வரம்புகள் ஓடும். அவை எத்தனை, எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன, ஓரம் மழுமழுப்பா அலையலையா என்பதெல்லாம் இனத்தைப் பிரிக்கும் அடையாளங்கள். எல்லாப் பக்கமும் பரவிய ஒளியில் இந்த வரம்புகளுக்கு நிழலே விழாது, தட்டையான கோடுகளாகத் தெரியும். அதற்கு ஒரு சின்ன டார்ச்சைப் பூவின் பக்கவாட்டில், இதழை உரசுகிற மாதிரித் தாழ்வாகப் பிடித்து இன்னொரு படம் எடுங்கள். அழகில்லாத படம்தான், ஆனால் வரம்பு ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். ஆஃப்ரிஸ் பேரினத்தில் இதற்கு நேர்மாறான தொல்லை. பெண் பூச்சியைப் போல வேடமிடும் அந்த உதட்டின் நடுவில் கண்ணாடி போல மினுங்கும் திட்டு ஒன்று இருக்கும். ஃபிளாஷ் அதில் பட்டு வெள்ளைப் புள்ளியாகித் திட்டின் வடிவத்தையே மறைத்துவிடும். ஒளியை நன்றாகப் பரப்பி, கோணத்தை மாற்றி எடுக்க வேண்டும்.

ஊதா, மெஜந்தா, சிவப்பு நிறப் பூக்களில் சிவப்பு நிற அலைவரிசை சீக்கிரம் நிரம்பி வழிந்துவிடும். மொத்த வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம் சரியாகத்தான் இருக்கும், பூவிலோ நரம்பு ஒன்றும் தெரியாமல் ஒரே நிறத் திட்டாக இருக்கும். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். தேவையானால் வெளிச்ச அளவை அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் (பாதியாக) குறைத்து எடுங்கள். வெள்ளைப் பூ கரும்பச்சைப் பின்னணியில் இருந்தாலும் இதே ஆபத்து. நீலம் கலந்த ஊதாவைக் கேமராக்கள் பெரும்பாலும் தப்பாகவே காட்டும். சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம், ரா வடிவில் (கேமரா மாற்றாத மூலப் பதிவாக) சேமிப்பு, கூடவே கண்ணால் பார்த்த நிறத்தைப் பற்றி ஒரு வரிக் குறிப்பு: இந்த மூன்றும் இருந்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

படி 7: தொப்பிக்குள் இருப்பது

தொப்பிக்குள் இருக்கும் மகரந்தத் திரள்களின் எண்ணிக்கை பேரினத்தை அறிய உதவும் பழைய, நம்பகமான வழி. வாண்டா, சிம்பிடியம், ஹாபெனேரியா ஆகியவற்றில் இரண்டு. டென்ட்ரோபியம், சீலோஜைனில் நான்கு. கலாந்தே, எரியா, ஸ்பாத்தோகிளாட்டிஸில் எட்டு.

ஆனால் இதைப் பார்க்கத் தொப்பியை நீக்க வேண்டும். நீக்கினால் மகரந்தம் கொடுக்கும் வேலை அந்தப் பூவுக்கு முடிந்தது. காட்டுச் செடியில் இதைச் செய்யாதீர்கள். பூச்சி ஏற்கெனவே வந்துபோன பூவில் தொப்பி விழுந்திருக்கும், சில சமயம் சூலகமுடியில் வேறு பூவின் திரள் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தால் படமெடுங்கள், அது அருமையான பதிவு.

நீங்களே வளர்க்கும் செடியென்றால் தாராளமாகச் செய்து பார்க்கலாம். கூர்மையான பென்சில் நுனியைப் பூச்சியின் தலை நுழையும் திசையில் மெதுவாக உள்ளே விட்டு எடுத்தால், திரள்களோடு சேர்ந்திருக்கும் பசைத் தட்டு அதில் ஒட்டிக்கொண்டு திரள்கள் அப்படியே வெளியே வரும். ஆர்க்கிஸ் மாஸ்குலா என்னும் ஐரோப்பிய இனத்தில் டார்வின் இதைச் செய்து பார்த்தார். வெளியே வரும்போது நிமிர்ந்து நிற்கும் திரள்கள், சராசரியாக 30 வினாடிக்குள் முன்னோக்கி வளைந்து படுத்துவிடுகின்றன. அதற்குள் பூச்சி அடுத்த செடிக்குப் போயிருக்கும். படுத்த நிலையில்தான் திரள் சரியாகச் சூலகமுடியில் போய் இடிக்கும். இதை வீடியோவாக எடுங்கள். கறுப்புத் துணிப் பின்னணி, பென்சிலை எதிலாவது அசையாமல் பொருத்தி, ஃபோகஸைத் திரளின் காம்பில் வைத்துவிட்டால் போதும்.

படி 8: படத்திலிருந்து பெயருக்கு

முதலில் பேரினம், பிறகுதான் இனம். நேராக இனத்தின் பெயரைத் தேடிப் படங்களைப் புரட்டுவது, எந்தத் தெரு என்று தெரியாமல் கதவு எண்ணைத் தேடி அலைவது மாதிரி.

டென்ட்ரோபியமா பல்போஃபில்லமா என்ற குழப்பத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் தூணுக்குப் பாதம் உண்டு, பக்கவாட்டுப் புல்லிகள் அதோடு இணைந்து மோவாய் போல ஒரு புடைப்பு உருவாகும். முகப்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு திணற வேண்டியதுதான். முழுச் செடியின் படத்துக்கு வாருங்கள். பல்போஃபில்லத்தில் பொய்க்குமிழ் ஒரே கணுவால் ஆனது, பெரும்பாலும் உச்சியில் ஒற்றை இலை. பூங்கொத்து குமிழின் அடியிலிருந்தோ தரையோடு ஓடும் தண்டிலிருந்தோ கிளம்பும். டென்ட்ரோபியத்தில் தண்டு பொதுவாகப் பல கணுக்கள் கொண்டது. பூக்கள் தண்டின் மேற்பகுதிக் கணுக்களிலோ நுனியிலோ வரும். இன்னொரு சோதனை: பல்போஃபில்லத்தின் உதடு பெரும்பாலும் கீல் வைத்த கதவு போல ஆடும். லேசாக ஊதி ஒரு வீடியோ எடுத்தால் தெரிந்துவிடும். 2,000க்கு மேல் இனங்கள் உள்ள பேரினம் அது, ஆகையால் அங்கே வந்து சேர்ந்த பிறகுதான் உண்மையான வேலையே தொடங்குகிறது.

இனத்தை முடிவு செய்ய எப்படிப்பட்ட படம் வேண்டும் என்பதற்கு ஹாபெனேரியா நல்ல உதாரணம். மண்ணில் வளர்வது, பூ பெரும்பாலும் வெள்ளை அல்லது பச்சை. நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. அடையாள நூல் கேட்கும் கேள்விகள் இப்படி இருக்கும்: தேன்குழல் சூற்பையைவிட நீளமா? நுனி பருத்திருக்கிறதா? அல்லி இதழ் முழுதாக இருக்கிறதா இரண்டாகப் பிளந்திருக்கிறதா? உதட்டின் பக்க மடல்கள் நூலாகக் கிழிந்திருக்கின்றனவா? முதல் இரண்டுக்கும் பக்கவாட்டுப் படம். அதுவும் குழலும் சூற்பையும் ஒரே சட்டத்துக்குள் முழுதாக. குழலின் நுனி செதிலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் ஒரு குச்சியால் செதிலை மெல்ல விலக்கி எடுக்க வேண்டும். பிளவு தெரிய முகப்படம், ஆனால் அல்லி இதழ் மேல் புல்லியோடு ஒட்டிக் குடை போல நிற்பதால் கொஞ்சம் கீழிருந்து மேல் நோக்கிய கோணம்தான் பயன்படும்.

தேன்குழலின் நீளத்தை எப்போதும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் ஒரு கதை இருக்கும். மடகாஸ்கரின் ஆங்ரீகம் செஸ்கிபிடேல் பூவுக்குச் சுமார் 30 செ.மீ. குழல். அந்த நீளத்துக்கு நாக்கு உள்ள அந்துப்பூச்சி ஒன்று இருந்தாக வேண்டும் என்று டார்வின் 1862இல் எழுதினார். அந்த அந்துப்பூச்சி அறிவியல் பெயர் பெற்றது 1903இல்.

பேரினம் தெரிந்தபின், அந்தப் பகுதிக்கான தாவர நூலில் உள்ள இரட்டைக் கேள்வி அட்டவணையை (ஒவ்வொரு படியிலும் இரண்டில் ஒரு கிளையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது) எடுத்து ஒவ்வொரு கேள்விக்கும் உங்கள் படத்தில் பதில் தேடுங்கள். பதில் இல்லாத கேள்வி வந்தால் ஊகிக்காதீர்கள். இரண்டு கிளையிலும் போய்ப் பார்த்துவிட்டு, எந்தப் படம் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதை எடுத்து வரலாம்.

பெயர்கள் மாறுவதும் தலைவலிதான். மரபணு ஆய்வுகள் பழைய எல்லைகள் பலவற்றைக் கலைத்துவிட்டன. அஸ்கோசென்ட்ரம் இப்போது வாண்டாவுக்குள் போய்விட்டது. கேட்லியாவுக்கு நான்கு திரள், சோஃப்ரோனைட்டிஸுக்கு எட்டு என்று பிரித்த கணக்கு, சோஃப்ரோனைட்டிஸையே கேட்லியாவில் சேர்த்தபோது உடைந்தது. திரள் எண்ணிக்கை இன்றும் உதவும், ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. பழைய நூலில் கிடைத்த பெயரை லண்டனிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவின் இணையப் பட்டியலில் போட்டுப் பார்த்தால் இப்போதைய பெயர் தெரியும்.

தொட்டியில் வளரும் செடி என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இது இயற்கை இனமா, கலப்பினமா? பதிவு செய்யப்பட்ட ஆர்க்கிட் கலப்பினங்கள் ஒரு லட்சத்துக்கு மேல். விற்பனைக்கு வரும் ஃபலெனோப்சிஸ்களில் பெரும்பாலானவை பல தலைமுறைக் கலப்பு. பெயர்ச்சீட்டு தொலைந்துபோன கலப்பினத்துக்குப் பூவை மட்டும் பார்த்து உறுதியான பெயர் சொல்ல யாராலும் முடியாது. 'ஃபலெனோப்சிஸ் கலப்பினம்' என்று எழுதி வைப்பதுதான் நேர்மை.

படத்தைப் போட்டால் பெயர் சொல்லும் செயலிகளைப் பயன்படுத்தலாமா? பேரினத்துக்குச் சரி. இனம் என்று வரும்போது, அது சொல்வதை ஒரு யோசனையாக மட்டும் வைத்துக்கொண்டு அடையாளங்களைச் சரிபாருங்கள். முகப்படங்களைப் பார்த்தே பழகிய செயலிக்குத் தேன்குழலைப் பற்றிக் கவலை இருக்காது.

படி 9: குறிப்பும் இருப்பிடமும்

கேமராவில் பதிவாகாதவற்றை அன்றே எழுதி வையுங்கள். வாசனை உண்டா, எப்போது? சில பூக்கள் இரவில் மட்டும் மணக்கும். பல்போஃபில்லங்கள் சிலவற்றில் அழுகிய இறைச்சி வாடை. செடியின் உயரம், இடத்தின் உயரம், நிழலா வெயிலா, எத்தனை செடிகள், எந்தப் பூச்சி வந்தது. ஒரு செடியின் எல்லாப் படங்களுக்கும் ஒரே எண் கொடுத்துவிட்டால், இரண்டு வருஷம் கழித்து யாராவது கேட்கும்போது தேடி அல்லாட வேண்டாம்.

இருப்பிடத்தை மட்டும் வெளியில் சொல்லாதீர்கள். பெருவில் கண்டறியப்பட்டு 2002இல் விவரிக்கப்பட்ட ஃப்ராக்மிபீடியம் கோவாச்சியை, இடம் தெரிந்ததுமே திருடர்கள் வாரிக்கொண்டு போனார்கள். ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்துக்கான சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. பாஃபியோபெடிலமும் ஃப்ராக்மிபீடியமும் மிகக் கடுமையான முதல் பட்டியலில். படத்தைப் பகிரும் முன் கோப்புக்குள் இருக்கும் ஜிபிஎஸ் விவரத்தை நீக்குங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, உயிரினப் படங்களைப் பதிவிடும் தளங்கள் ஆபத்தில் உள்ள இனங்களின் இடத்தைத் தாமாகவே மழுப்பிக் காட்டும். பெயர் இன்னும் முடிவாகாத பதிவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம், ஆகவே இடத்தை மறைக்கும் தேர்வை நீங்களே போட்டுவிடுங்கள். பின்னணியில் அடையாளம் காட்டும் பாறையோ பெயர்ப்பலகையோ விழுந்திருந்தால் அந்தப் படத்தை வெட்டிச் சுருக்கிய பிறகு பகிருங்கள். துல்லியமான இடம் உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும். ஆய்வாளர்கள் கேட்டால் அவர்களுக்கு நேரில் கொடுக்கலாம்.